கட்டத்தைக் காலியாக விட்டவள்

தொகாஷி மிசாவோ ஒரு சோம்பேறி என்று ஆறு வருடம் நம்பினேன். நான் மட்டுமா? பெற்றவள் நம்பினாள், பள்ளிக்கூட வாத்தியார்கள் நம்பினார்கள், கணவாய் மீன் ஆலை மேற்பார்வையாளர் கேட்டால் சத்தியமே செய்வார். இத்தனை பேர் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிற ஆள் நான். அந்தத் தலையாட்டலால் அவளுக்கு வேலையே போகப் பார்த்தது. அதனால் அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

மிசாவோ பிறந்தது ஜப்பானின் வடக்கே ஹொக்கைதோ தீவின் கிழக்குக் கரையில், கடற்பாசி எடுக்கிற குடும்பத்தில். கோடையில் அப்பா படகில் கொண்டுவந்து கொட்டுகிற நீளப் பாசியை வீட்டில் எல்லோரும் கூழாங்கல் தரையில் ஒவ்வொரு பட்டையாகப் பரப்ப வேண்டும், வெயில் ஏறியதும் புரட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் ஓடி ஓடிப் பரப்புவார்கள். இவள் இரண்டு பட்டை பரப்புவாள், மூன்றாவதைக் கையில் பிடித்தபடியே குத்தவைத்துக் கல்லுக்கு நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா அந்த ஈரப் பாசியாலேயே முதுகில் ஒன்று போடுவாளாம். பள்ளி அறிக்கையில் ஆறு வருடமும் ஒரே வரி: எப்போது பார்த்தாலும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள்.

"வெளிய என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு வாத்தியார்கூடக் கேக்கல, ஃபுமி" என்றாள் ஒருநாள் என்னிடம். "காக்கா கிளிஞ்சலைத் தூக்கிட்டு வந்து சிமெண்டுத் தரையில போட்டு உடைக்கும். மூணு காக்கா. ரெண்டு போடும், ஒண்ணு சும்மா சுவத்துமேல உக்காந்திருக்கும். கணக்குப் பரீட்சை முழுக்க நான் அந்த மூணாவதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

"மூணாவது என்ன பண்ணுச்சு?"

"தெரியல. மணி அடிச்சிட்டாங்க."

கணவாய் ஆலையில் பத்தொன்பது வருடம். பெல்ட்டில் வருவதைக் கீறிக் குடலை எடுத்துத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை என்று கடிகாரம் வைத்து எண்ணுவார்கள். மிசாவோ எப்போதும் கடைசி. ஒருநாள் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கத்திக்கு முனை இல்லை என்பதைப் பார்த்துவிட்டாள். யாரையும் கேட்காமல் பொத்தானை அமுக்கி பெல்ட்டை நிறுத்தினாள். மூன்று மணி நேரம் தேடியதில் முனை ஒரு கணவாயின் வயிற்றுக்குள் கிடைத்தது. அதற்குப் பாராட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று மணி நேர உற்பத்தி போனதற்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டுமே. மெத்தனம் என்று பெயரெடுத்தவள் ஒருத்தி கையருகில் இருந்தாள்.

எங்கள் நாட்டில் யாரும் யாரையும் வேலையை விட்டுத் துரத்துவதில்லை. துரத்தப்படுகிறவரே "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று தன் கையெழுத்தில் எழுதித் தந்துவிட்டுப் போக வேண்டும். பார்த்து எழுத ஒரு மாதிரித் தாளும் தருவார்கள். மிசாவோ எழுதினாள், நாற்பத்தைந்து வயதில், கோணல்மாணல் இல்லாமல்.

"அந்தக் கைய நான் இன்னும் மன்னிக்கல" என்பாள், வலது கையைக் காட்டி.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் எங்கள் எறும்பு அறைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. நான் அங்கே இரண்டு வருடம் மூத்தவள். இருவரும் வருட ஒப்பந்தத்துக்கு வேலை பார்ப்பவர்கள். மார்ச் முடிவில் வேண்டுமென்றால் வைத்துக்கொள்வார்கள், வேண்டாமென்றால் இல்லை.

வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். காட்டில் அழுகின மரத்துண்டிலிருந்து ஓர் எறும்புக் கூட்டத்தை ராணியோடு கொண்டுவருவார்கள். எறும்பைக் கொஞ்ச நேரம் பனிக்கட்டி மேல் வைத்தால் விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கம்பி நுனியால் தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று என மூன்று பொட்டு வைக்க வேண்டும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று ஐந்து நிறம். மூன்று பொட்டும் சேர்ந்ததுதான் அந்த எறும்பின் பெயர். நூற்றிருபது எறும்பு, நூற்றிருபது பெயர். பிறகு கண்ணாடி மூடிய பெட்டி முன்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றும் அந்த நொடியில் என்ன செய்கிறதென்று தாளில் குறிக்க வேண்டும். முட்டை தூக்குகிறதா, குஞ்சை நக்குகிறதா, ராணிக்கு ஊட்டுகிறதா, குப்பை இழுக்கிறதா. எதுவும் செய்யாமல் நின்றால் பூஜ்யம். காலையில் நான் மூன்று சுற்று, மதியத்துக்கு மேல் மிசாவோ மூன்று சுற்று.

குளிர்காலத்தில் பின்வாசல் படியில் பனி தள்ளுவதும் எங்கள் இருவர் தலையில்தான். நான் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருப்பேன். அவள் மண்வெட்டிக் கம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு, கூரை விளிம்பில் பனி எந்தப் பக்கம் சரியப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஜனவரியில் இடுப்பு பிடித்துக்கொண்டு எட்டு நாள் படுத்திருந்தேன். திரும்பி வந்தபோது படி முழுக்கச் சுத்தமாக இருந்தது, மணல்கூடத் தூவியிருந்தது. யார் செய்தது என்று காவலாளியிடம் கேட்டேன். "தொகாஷி சான்தான், தினம் ஏழு மணிக்கெல்லாம் வந்துருவாங்க" என்றார். நான் வந்த மறுநாளே அவள் மறுபடியும் கம்பில் தாடையை ஊன்றிக்கொண்டாள்.

எங்களுக்கு வேலை சொல்பவர் ஹதனாகா, உதவிப் பேராசிரியர், முப்பத்தைந்து வயது. வாத்தியார் என்ற பொருளில் சென்செய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் நிற்க நேரமில்லாதவர். எறும்புக் கூட்டத்தில் உழைக்காத எறும்பு உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. மிசாவோ வந்த ஆறாம் வருடம், டிசம்பர் முழுக்க நாங்கள் எழுதிய தாள்களில் சில எறும்புகளுக்கு எப்போதும் பூஜ்யம்தான் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவருக்குப் பிடிக்காதுதான். ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம், புற்றுக்குள்ளே இருட்டு அல்லவா, விளக்கு வெளிச்சத்தில் எறும்பு மிரண்டு நின்றிருக்கும் என்று. எறும்புக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு வெளிச்சம் அதற்கு இருட்டு மாதிரி. ஜனவரி நடுவில் ஹதனாகா ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார், விளக்கில் சிவப்புத் தாளை ஒட்டினார்.

மறுநாள் காலை பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன். எறும்பு தெரிந்தது, பொட்டு தெரிந்தது, நிறம் தெரியவில்லை. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு மூன்றும் ஒரே வெளுப்பு. நீலமும் பச்சையும் ஒரே கறுப்பு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கண் போய்விட்டது என்று நினைத்தேன். அதைச் சொன்னால் மார்ச் மாதம் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டு ஒன்று உண்டு. புதிதாக வருபவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதன் முதல் வரி: "கட்டத்தைக் காலியாக விடாதே." நான் விடவில்லை. வெளுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று ஓர் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்த மாதிரிப் பெயர்களில் எந்தக் கட்டம் இன்னும் நிரம்பாமல் இருக்கிறதோ அதில் போட்டேன். எல்லாக் கட்டமும் நிரம்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான தாள் எழுதியதில்லை.

அன்று மதியம் மிசாவோ உட்கார்ந்தாள். அவள் தாளில் நூற்றிருபது கட்டமும் காலி. குறுக்கே பெரிதாக எழுதியிருந்தாள்: "தெரியவில்லை."

ஹதனாகா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தொகாஷி சான், இது என்னங்க?"

"இந்த வெளிச்சத்துல நிறம் தெரியல, சென்செய்."

"காலையில எல்லாம் நிரம்பியிருக்கே. அவங்களுக்குத் தெரியுதே." என் பக்கம் திரும்பினார். "தெரியுதுதானே?"

"கொஞ்சம் உத்துப் பாக்கணும்" என்றேன் நான்.

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

மிசாவோ அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாளிலிருந்து தன் முறை வந்ததும் திரையை விலக்கினாள், விளக்கிலிருந்து சிவப்புத் தாளை உரித்துப் பக்கத்தில் வைத்தாள், பார்த்து எழுதினாள், முடிந்ததும் திரும்ப ஒட்டிவிட்டுப் போனாள். ஒளிவுமறைவாகச் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் "சாதாரண வெளிச்சம்" என்று எழுதியிருந்தாள். மதியம் ஹதனாகாவுக்கு வகுப்பு. பிறகு வந்து கட்டங்களை மட்டும் கணினியில் ஏற்றுவார். தலைப்பை அவர் படித்ததே இல்லை.

ஐந்து வாரம் ஓடியது. பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் இருவரையும் உட்காரவைத்தார். மேசையில் இரண்டு வரைபடங்கள்.

"காலைத் தாள்ல நூத்திருபது எறும்பும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்யுது. சும்மா நிக்கறதுன்னு ஒண்ணுகூட இல்ல. மத்தியானத் தாள்ல பதினேழு எறும்பு வேலையே செய்யல. அஞ்சு வாரமா அதே பதினேழு. எறும்பு அதேதான், பெட்டி அதேதான். பார்க்கிற ஆளு மட்டும்தான் வேற."

"அப்ப என் தாளைப் பாருங்க" என்றாள் மிசாவோ.

"பார்த்துட்டேன். மார்ச் மாசம் மாநாடு. சோம்பேறி எறும்புன்னு ஒண்ணு கிடையாது, வெளிச்சத்துக்கு மிரண்டதுதான்னு சுருக்கம் அனுப்பியாச்சு. உங்க தாளை இதுல சேர்க்க முடியாதுங்க." அவர் குரல் தணிந்தது. "உங்களுக்கு இந்த வேலையில மனசு ஒட்டலையோன்னு தோணுது. கண்ணை மூடிட்டு ஒக்காந்திருந்தீங்கன்னு நான் சொல்லல."

சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டார். பிறகு ஓர் உறையை நகர்த்தினார். உள்ளே மாதிரித் தாள். சொந்தக் காரணங்களால்.

மிசாவோ அதை நீண்ட நேரம் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை முதல் தடவையாக அன்றுதான் கண்டேன்.

"எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணும் இல்லையே, சென்செய்."

"அது வழக்கமா எழுதறதுங்க. உங்க நல்லதுக்குத்தான். நாங்களா நிறுத்தினோம்னா அடுத்த எடத்துல உங்க பேரு கெடும்."

"கெடட்டும். காரணம் உங்களோடது, நீங்க எழுதுங்க. நான் ஒரு தடவ எழுதிட்டேன். ரெண்டாவது தடவ என் கையால எழுத மாட்டேன்."

"ஒரு வாரம் யோசிங்க."

"யோசிச்சாச்சு. எட்டு வருஷமா அதத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்."

ஆனாலும் தாளை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கீழே காலணி மாற்றும் இடத்தில் என்னை மடக்கினாள். "ஃபுமி, உனக்கு நெசமாவே தெரியுதா? உண்மையச் சொல்லு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெரியுது" என்றேன்.

எறும்பைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அவசரமும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினாள். அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்னும் பத்துப் பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தோறும் காலையில் ஆய்வுக்கூடக் கூட்டம். தலைவர் பேராசிரியர் இசோபே, ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், பாதிக் கூட்டத்தில் கண் சொருகிவிடும். மாணவர்கள் நாலைந்து பேர். நாங்கள் இருவரும் தேநீர் ஊற்றுவோம், யாராவது ஊருக்குப் போய் வந்திருந்தால் அந்தத் தின்பண்டத்தைப் பங்கிடுவோம், பேச மாட்டோம். அந்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஊற்றி முடித்ததும் மிசாவோ கெண்டியை மேசை மேலேயே வைத்தாள்.

"சென்செய், எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வேணும்."

இசோபே கண்ணைத் திறந்தார். தேநீர் ஊற்றுகிற பெண் பேசியது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "பேசுங்க" என்றார்.

மிசாவோ எறும்பு அறை விளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், சிவப்புத் தாளோடு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறை விளக்கை அணைக்கச் சொன்னாள். பையிலிருந்து மூடியைப் போட்ட ஒரு சிறு தட்டை எடுத்தாள். உள்ளே பத்து அரிசி, சமைக்காதது. ஒவ்வோர் அரிசியிலும் எங்கள் கம்பியால், எங்கள் சாயத்தால் மூன்று பொட்டு. பிறகு ஒரு தாளை விரித்தாள். பத்து வரி, பத்துப் பெயர்: வெள்ளை மஞ்சள் வெள்ளை, மஞ்சள் இளஞ்சிவப்பு வெள்ளை, இப்படி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்.

"தட்டுல எடத்துக்கு எண் போட்டிருக்கேன். எந்த அரிசி எந்தப் பேருன்னு கட்டத்துல எழுதணும். அவ்வளவுதான். ஹதனாகா சென்செய், நீங்க எழுதுங்க."

"இது எதுக்குங்க?"

"எனக்குத் தெரியல, மத்தவங்களுக்குத் தெரியுதுன்னு சொன்னீங்க. தெரியறவங்க எப்படிப் பாக்கறாங்கன்னு கத்துக்கத்தான்."

ஒரு மாணவன் சிரிப்பை விழுங்கினான். ஹதனாகா பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அரிசியையும் சாய்த்துப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், எழுதினார், இரண்டை அழித்துவிட்டுத் திருத்தினார். நாலு நிமிடம் ஆனது. பத்துக் கட்டமும் நிரம்பியது.

மிசாவோ தட்டை இசோபே பக்கம் தள்ளினாள். கிழவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார்.

மிசாவோ விளக்கின் சிவப்புத் தாளை உரித்தாள்.

பத்து அரிசியிலும் மஞ்சள் மஞ்சள் மஞ்சள். ஒன்று விடாமல்.

ஹதனாகாவின் காது நுனி வரை சிவந்தது. "இது ஏமாத்துங்க" என்றார். "பத்துப் பேரு எழுதி வெச்சா பத்தும் வேற வேறன்னுதானே யாரும் நினைப்பாங்க."

"ஆமா. நூத்திருபது பேரு எழுதி வெச்சாலும் அப்படித்தான் நினைப்பாங்க."

"எறும்பு வேற, அரிசி வேற. அரிசி நகராது."

"நகராததே தெரியல. நகர்றது தெரிஞ்சுதா?"

"நான் பழகாத ஆளு. தினம் பாக்கறவங்களுக்குக் கண்ணு பழகியிருக்கும்." அவர் என்னைத் தேடினார். அன்று மாதிரியே.

மிசாவோ என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெண்டியைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். இந்த ஐந்து வாரமும் நான் முதுகு ஒடிய உழைத்தேன், ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, அத்தனையும் குப்பை. அது தெரிந்தபோது எனக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல" என்றேன். "முதல் நாள்ல இருந்தே தெரியல. எந்தக் கட்டம் காலியா இருந்துச்சோ அதுல போட்டேன். அதான் எல்லா எறும்பும் வேலை செஞ்சுது. ஒண்ணோட உழைப்பை இன்னொண்ணு பேர்ல எழுதிட்டேன்."

"ஏன் சொல்லல?" ஹதனாகாவின் குரல் உடைந்திருந்தது.

"நீங்க ஏன் ஒரு அரிசியக்கூட விடல, சென்செய்?" என்றாள் மிசாவோ.



மிசாவோ அவர் நிரப்பிய தாளை எடுத்து மெதுவாகப் புரட்டி இசோபே முன்னால் வைத்தாள். பின்பக்கம் அச்சடித்த எழுத்தில் இருந்தது: சொந்தக் காரணங்களால் விலகுகிறேன். கீழே பெயர் எழுதும் இடம் காலி.

"இதப் பார்த்து என்னை எழுதச் சொன்னாரு. நான் எழுதல, விட்டுட்டேன். அந்தப் பக்கம் அவரு எழுதினது இருக்கு. ரெண்டையும் வெச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

கெண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மீதித் தேநீரை யாரும் கேட்கவில்லை.

இசோபே அன்று தூங்கவில்லை. சிவப்புத் தாளை எடுக்கச் சொன்னார், ஜனவரியிலிருந்து என் தாள் அத்தனையையும் ஒதுக்கச் சொன்னார், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் இரண்டு வாரம் சாதாரண வெளிச்சத்தில் எழுதச் சொன்னார். தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும் என்று நோட்டின் முதல் வரிக்குக் கீழே தானே எழுதி முத்திரையும் போட்டார். நான் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளை வெள்ளையாக, மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இருவர் தாளையும் பக்கத்தில் வைத்தபோது அதே பதினேழு எறும்பு இருவர் தாளிலும் பூஜ்யம். வெளிச்சத்துக்கு மிரண்டிருக்கும் என்ற பேச்சும் செல்லவில்லை. மிரண்டால் எல்லாம் மிரளும், பதினேழு மட்டும் ஏன் மிரள வேண்டும். ஹதனாகா மாநாட்டிலிருந்து பெயரை வாபஸ் வாங்கினார். அவருக்கும் ஒப்பந்தம்தான், எங்களைப் போலவே. அந்தக் கடிதத்தை அவர் எழுதிய நாளில் மிசாவோ அவர் மேசையில் ஒரு சோற்று உருண்டையை வைத்துவிட்டு வந்தாள். எங்கள் ஒப்பந்தம் இரண்டும் நீட்டிக்கப்பட்டன.

ஏப்ரலில் ஹதனாகாவுக்கு ஒரு யோசனை வந்தது. நன்றாக உழைக்கிற எறும்புகளை எல்லாம் பொறுக்கி வேறு பெட்டியில் போட்டுவிட்டு, அந்தப் பதினேழையும் ராணியோடும் குஞ்சுகளோடும் தனியே விட்டார். பட்டினியில் சாகப் போகின்றன என்று நான் நினைத்தேன். முதல் நாள் நின்றன. இரண்டாம் நாளும் நின்றன. குஞ்சுகள் வாயை ஆட்டிக்கொண்டு கிடந்தன, பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை நீலம் வெள்ளை பச்சை என்கிற ஒன்று, என் கண் முன்னாலேயே, பசித்த குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தது. மதியத்துக்குள் பதினொன்று வேலையில் இருந்தன. மீதி ஆறு நின்றுகொண்டுதான் இருந்தன.

நான் ஓடிப்போய் மிசாவோவைக் கூப்பிட்டேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்துடுச்சா?" என்றாள், முன்பே தெரிந்த மாதிரி.

"நாலு மாசமா அசையாம நின்னது இப்ப ஓடுது, மிசாவோ."

"அதுங்களுக்கு முன்னாடி மத்தது ஓடிப்போய் செஞ்சுடும், பாவம் இதுங்க என்ன பண்ணும்? உன்கூட பனி தள்ளினா எனக்கு எப்பவாவது வேலை மிச்சம் வந்திருக்கா?"

ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தாள். அதைத் தின்றபடி நான் அந்த எட்டு நாள் இடுப்பு வலியை நினைத்துக்கொண்டேன். அவளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், சிவப்பு விளக்குக்காகவும் மற்றதுக்காகவும். "கொட்டையத் துப்பு" என்று சொன்னாள்.

எல்லாம் ஒரே வேகத்தில் உழைத்தால் எல்லாம் ஒரே நாளில் களைத்துவிடும், அப்போது குஞ்சைப் பார்க்க ஆள் இருக்காது, அதற்குத்தான் கூட்டம் சிலதை நிற்க வைத்திருக்கிறதோ என்பது ஹதனாகாவின் ஊகம். அதை நிரூபிக்க இன்னொரு வருடம் எண்ணினோம். இப்போது அவரே வாரத்தில் ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து எண்ணுகிறார், தெரியாத கட்டத்தைக் காலியாக விடுகிறார், எங்களைவிட அதிகமாகவே விடுகிறார்.

போன மாதம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நன்றி சொல்லும் பகுதி. இரண்டு பெயர்தான். இருவரும் சுறுசுறுப்போடு ஆற்றிய உதவிக்கு நன்றி என்று இருந்தது. என் பெயரை அச்சில் அதுவரை நான் பார்த்ததில்லை.

மிசாவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு பென்சிலை எடுத்து "சுறுசுறுப்போடு" என்பதன்மேல் கோடு போட்டாள்.

"தொகாஷி சான், அது மரியாதைக்குப் போடறதுங்க" என்றார் ஹதனாகா.

"தெரியும். அந்த மரியாதை எனக்கு வேணாம். ஐம்பது வருஷமா அது இல்லைன்னுதான் எல்லாரும் அடிச்சாங்க. இப்ப அது இருந்துச்சுன்னு பொய் எழுதாதீங்க. நான் உக்காந்து பார்த்தேன். பார்த்தவர்னு போடுங்க, போதும்."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வரிங்க அது."

"அப்ப ரெண்டு வரியாப் போடுங்க. ஃபுமிக்கு அந்த வார்த்தை இருக்கட்டும். அஞ்சு வாரம் ஒரு கட்டம் விடாம எழுதினவ."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹதனாகாவும் சிரித்தார், தன் பேனாவால் ஓரத்தில் இரண்டு வரியாக எழுதினார்.

என் பெயருக்கு முன்னால் இருக்கிற அந்த வார்த்தையையும் அடித்துவிடலாம் என்று பென்சிலைக் கேட்டேன். அவள் தரவில்லை.